பேய்ப் படத்துக்கு நடுவில் வந்த அழைப்பு

கரமனை,
13-8-1979

அன்புள்ள சொர்ணத்துக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே.

இங்கே ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்க சினிமாதான். போன மாதம் பார்த்த விண்வெளிப் படத்தில், சந்திரனில் இறங்கியவனுக்குத் தலைவகிடுகூடக் கலையவில்லை. சிரிப்புப் படத்தில் ஒருவன் ஏழு தடவை வழுக்கி விழுந்தான். எனக்கு வரவேண்டிய பதவியைத் தட்டிப் பறித்த சூப்பிரண்டாக அவனை நினைத்துக்கொண்டு ஏழு தடவையும் சிரித்தேன்.

நேற்று பேய்ப் படம். ஜன்னலில் பேய் முகம் காட்டியதும் பக்கத்து ஆசனத்துக்காரர் கையைப் பிடித்துவிட்டேன்.

"பயப்படாதிய அத்தான், வெறும் சுண்ணாம்புப் பூச்சுதான்" என்றார் அவர்.

பார்த்தால் உன் தம்பி நயினார்! புதுவீட்டு விசேஷத்துக்கு நேரில் வந்து அழைக்காமல் தபாலில் கார்டு போட்டானே, அதிலிருந்து ஒன்பது வருஷமாக அவனோடு நான் பேசுவதில்லை. நான் தங்கியிருக்கும் லாட்ஜில் விசாரித்துக் கொட்டகைக்கே வந்து, அதுவரை வாய் திறக்கப் பயந்து உட்கார்ந்திருக்கிறான்.

"யாருல பயந்தது?" என்றேன்.

"அத்தான் பேசிட்டிய!" என்று கத்தினான்.

"மிண்டாதிரிக்கு சேட்டா!" என்று, பேசாமலிருக்கச் சொல்லி, பின்வரிசை மலையாளத்தில் அதட்டியது.

இடைவேளையில் மகள் கல்யாணப் பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு கையில் கொடுத்தான். நேரில் வந்து அழைத்தவனிடம் என்ன சொல்ல? வருகிறேன் என்றேன்.

யாராவது வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு. கடிதத்தையும் கொஞ்சம் நீளமாக எழுது. அரைப் பக்கம் உடனே தீர்ந்துவிடுகிறது.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்னாலேயே வருவேன். அதற்காக உன் பெரியண்ணனோடும் என்னைப் பேசவைக்கப் பார்க்காதே. அவர் விஷயம் வேறு.

உன்
அழகியநம்பி