தலை சுற்றிய ஹெலிகாப்டர்

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டீர்களா? இங்கே எல்லோரும் சுகம். நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது.

எங்கள் பள்ளியின் கைவேலை டீச்சர் பிரசவ விடுப்பில் போனதால், மூன்று மாதமாக அம்மாதான் அந்த வகுப்பை எடுக்கிறாள். அந்த டீச்சர் இனி வரமாட்டாராம். அம்மாவையே நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார் தலைமையாசிரியை. மாதக் கடைசிக்குள் பதில் தர வேண்டும். அம்மாவோ 'முடியாது' என்று எழுதி, தாளைத் தையல் மெஷின் இழுப்பறையில் வைத்திருக்கிறாள்.

அம்மா வகுப்பு எடுத்து நீங்கள் பார்க்க வேண்டும், பெரியம்மா! போன வாரம் மூன்றாம் வகுப்புக்கு அட்டை ஹெலிகாப்டர். சாக்பீஸால் கோடு போட்டு, "ஒட்டுறதுக்குக் கால் இஞ்ச் விட்டு வெட்டுங்க கண்ணுங்களா" என்று சட்டை வெட்டுவதுபோலவே சொன்னாள். நான் உதவிக்குப் பசை டப்பாவோடு நின்றேன். தலைமையாசிரியையும் பார்க்க வந்திருந்தார்.

மேலே விசிறி, கீழே முறுக்கிய ரப்பர் பேண்ட். நூலில் தொங்கவிட்டு விசிறியை விட்டதும், விசிறி ஒரு பக்கம் சுற்ற, உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றியது. "டீச்சர், உங்க ஹெலிகாப்டருக்குத் தலை சுத்துது!" என்று ஒரு வாண்டு கத்த, வகுப்பே சிரித்தது. வாலில் வைக்க வேண்டிய சின்ன விசிறியை வெறும் அலங்காரம் என்று அம்மா விட்டுவிட்டாள். புத்தகத்தில் படித்திருந்த எனக்கு அது அலங்காரம் இல்லை என்று தெரியும். ஆனால் எல்லோர் முன்னாலும் சொல்ல வெட்கமாக இருந்தது.

அம்மா அசரவில்லை. "என் சுத்துற தையல் ஸ்டூலும் இதே சேட்டைதான் பண்ணும்" என்று சொல்லி, ஆபீஸ் அறையிலிருந்த சுழல் நாற்காலியைத் தள்ளி வந்தாள். அந்த வாண்டையே உட்கார வைத்து, காலைத் தூக்கிக்கொண்டு கைகளை வலப்பக்கம் வீசச் சொன்னாள். நாற்காலி இடப்பக்கம் திரும்பியது! "ஐயோ, யாராச்சும் பிடிங்க!" என்று அவன் அலற, பக்கத்துப் பெண் ஓடிப்போய்ப் பிடித்தாள். "வால்ல ஒரு ஆள் பிடிச்சிருந்தா சுத்தாதுல்ல?" என்றாள். "அந்த ஆளைச் செய்வோமா?" என்றாள் அம்மா. வாலில் இன்னொரு ரப்பர் பேண்ட், ஒரு குட்டி விசிறி. நான்காவது முறை உடம்பு அசையாமல் நின்றது. புத்தகத்தில் நான் படித்திருந்த அந்த இரண்டு பக்கங்களும் எனக்கே அன்றுதான் புரிந்தன.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "பத்தாவதோட படிப்ப விட்டவ நான். ஒரு நாள் ஸ்டூல் காப்பாத்திடுச்சு, தினமும் காப்பாத்துமா?" என்றாள். படிப்பை ஏன் விட்டாய் என்று கேட்டேன். "அக்காதான் போதும்னு சொல்லிட்டா, விட்டுட்டேன்" என்றாள். கோபமே இல்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

நீங்கள் சொன்னால் அம்மா தட்டவே மாட்டாள், பெரியம்மா. மாதம் முடிவதற்குள் ஒரு போன் பண்ணுங்கள். இந்த முறை, போ என்று சொல்லுங்கள்.

உங்கள் பாசமுள்ள,
சின்ன மகள்