எட்டு பத்துக்குத் திறக்கும் கதவு

நவம்பர் 29, வெள்ளி

மகள் படிக்கும் பள்ளியின் நிர்வாகத்தின் மீது இன்றுவரை எனக்குள்ள முறையீடுகள், தேதி வரிசையில்:

1. நவம்பர் 4: காலை எட்டு பத்துக்கு முன் மாணவர் எவரும் கட்டடத்துக்குள் அனுமதிக்கப்படமாட்டார் என்று சுற்றறிக்கை. காரணம் கூறப்படவில்லை.
2. நவம்பர் 11: முதல் பனிப்பொழிவு. ஏழரை முதல் எட்டு பத்து வரை மகள் சைக்கிள் கொட்டகையில் நின்றாள். வயது ஒன்பது. நேரம் நாற்பது நிமிடம்.
3. நவம்பர் 14: என் முதல் கடிதம். பதில் இல்லை.
4. நவம்பர் 20: தலைமையாசிரியை தொலைபேசியில், "கொஞ்சம் லேட்டா கொண்டுவந்து விடுங்களேன் சார்." எட்டு மணிக்கு எனக்கு வேலை தொடங்குகிறது என்றேன். "அதுக்கு ஸ்கூல் என்ன பண்ணும்?"
5. நவம்பர் 26: இரண்டாம் கடிதம், பதிவுத் தபாலில். ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. பதில் வரவில்லை.

எழுதி முடித்தும் மனம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

இருபத்தாறு ஆண்டுகளாகக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். ஒரு மாதிரியை யார் எடுத்தார், எத்தனை மணிக்கு, என்ன வெப்பநிலையில் என்பது பதிவாகவில்லை என்றால் அந்தக் குப்பியைக் கழுவி வைத்துவிடுவோம். என் இரண்டு கடிதங்களிலும் இருந்த குறை இன்று விளங்கியது. "கடும் குளிர்" என்று எழுதியிருக்கிறேன். அது புலம்பல். "மைனஸ் பதினொன்று, காலை 7.45" என்பது சாட்சியம்.

கூடத்தில் கழித்துக்கட்டிய வெப்பமானி ஒன்றைக் கொண்டுவந்து பனிக்கட்டி நீரில் வைத்துச் சரிபார்த்தேன். பூஜ்யம் பூஜ்யத்தில் நின்றது. மகளுக்குக் கற்றுக்கொடுத்தேன்: நூலால் வேலிக் கம்பியில் கட்டித் தொங்கவிட வேண்டும். மூச்சு படக்கூடாது. கண் மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 7.35, 7.45, 7.55, 8.05 என நான்கு அளவுகள். பேனா உறைந்துவிடும், பென்சில். கடைசிக் கட்டத்தில் குறிப்பு இருந்தால் எழுத வேண்டும்.

"கையுறை போட்டுக்கிட்டு எழுத வரலையேப்பா."

"எழுதும்போது மட்டும் கழட்டிக்கோ."

நோட்டின் அட்டையில் தன் பெயரை எழுதி, அதன் கீழே "சாம்பிள் எடுப்பவர்" என்று எழுதிக்கொண்டாள். சிரித்துவிட்டேன். இவள் அம்மா போனபின் இந்த நான்கு ஆண்டுகளில் இந்த வீட்டில் இப்படிச் சிரித்தது அபூர்வம்.

டிசம்பர் 2, திங்கள்

-9, -9, -9, -8. சுத்தமான கையெழுத்து.

டிசம்பர் 5, வியாழன்

இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாள்: "அப்பா, யாராவது உள்ள கூப்பிட்டா போலாமா?"

செய்தித்தாளில் இருந்தேன். "யார் கூப்பிட்டாலும் எழுத்துல குடுக்கணும். இன்னிக்குக் கூப்பிடுறவங்க நாளைக்கு வெளியே போன்னு சொல்லுவாங்க. நாம கேக்கறது தயவு இல்ல, உரிமை. புரியுதா?"

"ம்."

"நீ உள்ளே போயிட்டா நம்ம நோட்டு என்னத்துக்கு?"

"போகலப்பா."

இந்த வயதில் இவ்வளவு உறுதி. பெருமையாக இருந்தது.

டிசம்பர் 11, புதன்

மூன்றாம் கடிதம் அனுப்பினேன். எட்டு வேலை நாட்களின் அளவுகள், முப்பத்திரண்டு பதிவுகள், நோட்டின் நகலுடன். நேற்றைய பக்கத்தில் 8.05-க்கு எதிரே குறிப்புக் கட்டத்தில் "விரல் இருக்குற மாதிரியே தெரியல" என்று எழுதியிருக்கிறாள். இதைவிட வலுவான வரி என் கடிதத்தில் இல்லை. சிவப்பு மையால் அடிக்கோடிட்டு இணைத்தேன். பதிலுக்கு ஏழு நாள் கெடு.

டிசம்பர் 13, வெள்ளி

அக்கா தொலைபேசியில் பேசினாள். விஷயத்தைச் சொன்னேன்.

"டேய், உங்க ஆபீஸ்ல அரை மணி லேட்டா வர்றேன்னு கேட்டுப் பாத்தியா?"

"கேக்கல."

"ஏன்? வாயில கொழுக்கட்டையா?"

"தப்பு அவங்க மேல. நான் எதுக்குப் போய்த் தலையைச் சொறிஞ்சுகிட்டு நிக்கணும்?"

"நீ புள்ள வளக்குறியா, கேஸ் நடத்துறியா?"

அவளுக்கு எப்போதும் எதையாவது சரிக்கட்டிக்கொண்டு போனால் போதும்.

டிசம்பர் 17, செவ்வாய்

காலை 9.20-க்குப் பள்ளிச் செவிலி கூடத்துக்குத் தொலைபேசி செய்தார். "உங்க பொண்ணு வலது கையில ரெண்டு விரல் மெழுகு மாதிரி வெள்ளையா இருக்கு சார். தொட்டா தெரியலங்குறா. உடனே வாங்க."

நான் கேட்ட முதல் கேள்வியை இங்கே எழுதிவைக்கிறேன். எத்தனை மணிக்கு இது கவனிக்கப்பட்டது என்பதை எழுத்தில் தரமுடியுமா என்று கேட்டேன்.

"சார், முதல்ல வாங்க" என்றார்.

மருத்துவமனை. வெதுவெதுப்பான நீரில் கையை வைத்ததும் கத்தினாள். அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் கொப்பளித்துவிட்டன. இன்று காலை மைனஸ் பத்தொன்பது, காற்று வேறு.

இளம் பெண் மருத்துவர் அவளிடம் கேட்டார்: "இதுக்கு முன்னாடியும் இப்படி மரத்துப்போச்சாம்மா? வீட்டுல சொல்லலையா?"

"நோட்டுல எழுதியிருக்கேன் டாக்டர்."

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கைகழுவும் முறை பற்றிய அறிவிப்பைப் படித்தேன். ஆறு படிகள்.

டிசம்பர் 18, புதன்

அக்கா இரவு ரயிலில் வந்துவிட்டாள். வந்தவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே போய் மகள் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். "என்னடி குருவி, இப்படி இறக்கைய ஒடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க?" மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அழும் சத்தம்.

டிசம்பர் 20, வெள்ளி

கல்வி அதிகாரிக்குப் பதினோரு பக்க முறையீடு. மருத்துவச் சான்று, நோட்டின் நகல், மூன்று கடிதங்கள், ஒப்புகை அட்டை. ஒரு சொல்கூட உரக்க எழுதவில்லை. அந்தத் தலைமையாசிரியை நாற்காலியில் நீடிக்கக்கூடாது. நீடிக்கவிடமாட்டேன்.

டிசம்பர் 23, திங்கள்

தலைமையாசிரியையின் பதில் வந்தது. தேதி டிசம்பர் 19. கடைசிப் பத்தியைப் பிரதி எடுக்கிறேன்:

"விதியை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை. எனினும், டிசம்பர் 5 முதல் எங்கள் காவலாளி பக்கவாட்டுக் கதவைத் திறந்து, முன்னதாக வரும் மாணவர்களைக் கொதிகலன் அறையில் அமரவைத்து வருகிறார். எனக்கு இது தெரியும், தடுக்கவில்லை. பதினோரு குழந்தைகள் உள்ளே அமர்ந்தனர். தங்கள் மகள் மட்டும் ஒருநாளும் வரவில்லை. தங்கள் மூன்றாம் கடிதத்தைக் கண்டபின் நானே அவளை அழைத்துக் கேட்டேன். 'எழுத்துல குடுத்தாதான் வரணும்னு அப்பா சொல்லியிருக்கார் மிஸ்' என்றாள். அன்றே தங்களைத் தொலைபேசியில் அழைத்திருக்க வேண்டும். அழைக்காதது என் தவறு."

நான்கு முறை படித்தேன். பொய்யாக இருக்க வேண்டும்.

டிசம்பர் 24, செவ்வாய்

பொய் இல்லை.

பள்ளிக்குப் போனேன். காவலாளி, அறுபதைத் தாண்டியவர், பக்கவாட்டுக் கதவருகே பனியை வாரிக்கொண்டிருந்தார். யாரென்று சொன்னதும் மண்வாரியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே அழைத்துப் போனார். கொதிகலன் அறை. சுவரோரம் நீள பெஞ்சு. பத்து நிமிடத்தில் எனக்கு வியர்த்துவிட்டது.

"பாப்பா எப்படி இருக்கு சார்?"

சொன்னேன்.

"நான் தினமும் கூப்பிட்டேன் சார். 'லெட்டர் போட்டிருக்கோம் தாத்தா, பதில் வந்ததும் வர்றேன்'னு பெரிய மனுஷி மாதிரி சொல்லும். மத்த புள்ளைங்க கதவு கிட்ட நின்னு 'ஏய் கலெக்டர், வாடி'ன்னு கிண்டல் பண்ணும். ஒருநாள் எனக்கே பொறுக்கல. கையப் புடிச்சு இழுத்தேன். வேலிக் கம்பியக் கெட்டியா புடிச்சுக்கிச்சு சார். வெறுங்கையில. நான் விட்டுட்டேன். அந்தக் குளிருல இரும்பைப் புடிச்ச கைய இழுத்தா தோல் வந்துரும்ல."

எந்தத் தேதி என்று கேட்டேன். அவருக்கு நினைவில்லை. "தேதியெல்லாம் யாரு சார் பாத்தா."

வெளியே வரும்போது, "நீங்க கொஞ்சம் உக்காந்துட்டுப் போங்க சார், மூஞ்சி சரியில்ல" என்றார். உட்காரவில்லை.

கடிதத்தை என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அக்காவிடம் சொல்லவில்லை. மகளிடம் — எப்படிச் சொல்வது? அவளிடம் என்ன என்று தொடங்குவது?

டிசம்பர் 30, திங்கள்

சொல்லவில்லை.

ஜனவரி 3, வெள்ளி

மோதிரவிரல் பிழைத்துவிட்டது. புதுத் தோல் இளஞ்சிவப்பாக வருகிறது. சுண்டுவிரலின் நுனி கறுத்து, காய்ந்து, சுருங்கிக்கொண்டிருக்கிறது. அறுவை மருத்துவர் நிதானமாகச் சொன்னார்: "உயிருள்ள இடமும் போன இடமும் தானா பிரிஞ்சு ஒரு கோடு தெரியும். அதுவரைக்கும் கத்தி வைக்கமாட்டோம். பொறுமையா இருக்கணும்."

தினமும் கட்டு மாற்றும்போது பார்க்கிறேன். கோடு எங்கே நிற்கப்போகிறது என்று.

ஜனவரி 9, வியாழன்

கல்வி அதிகாரி அலுவலகத்திலிருந்து ஒற்றை வரி: "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது." ஒரு மாதத்துக்கு முன் இந்த வரிக்கு நான்கு பக்கம் பதில் எழுதியிருப்பேன்.

ஜனவரி 22, புதன்

முதல் கணு வரை எடுத்தார்கள். இருபத்தைந்து நிமிடம். ஒப்புதல் படிவத்தில் "நோயாளிக்கு உறவு" என்ற இடத்தில் எழுத எனக்கு வெகுநேரம் ஆனது.

அக்கா தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளில் முதல்முறையாக நேராகப் பேசினாள். "வாட்ச்மேன் கூப்பிட்டத அவளே சொன்னா. ஏன்டி உள்ள போகலைன்னு நான் கேட்டுட்டேன்."

"என்ன சொன்னா?"

"உனக்கே தெரியும்."

அப்போ இவளுக்கும் தெரியும். எத்தனை நாளாகத் தெரியும்? தெரிந்துகொண்டா எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்?

"திட்டுக்கா. வாயத் திறந்து ஏதாச்சும் திட்டு."

"உன்னைத் திட்டி எனக்கு என்னடா ஆகணும்? அவகிட்ட போய்ப் பேசு."

பேசவில்லை. மயக்கம் தெளிந்ததும் மகள் கேட்டது: "அப்பா, நம்ம கேஸ் என்ன ஆச்சு?"

தண்ணீர் கொடுத்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

அக்கா ஊருக்குப் போய்விட்டாள். அவளுக்கும் வீடு இருக்கிறது. மகள் இடது கையால் எழுதப் பழகுகிறாள். கட்டுப் பிரிக்க இன்னும் சில வாரம் ஆகும். கோழி கிளறியது போல என்று அவளே சொல்லிச் சிரிக்கிறாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

கூடத்தின் மேலாளரிடம் எட்டு மணிக்குப் பதில் எட்டரைக்கு வரலாமா என்று கேட்டேன். வாய் திறக்க மூன்று நாள் ஆனது. அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "மார்ச் ஒண்ணுலேருந்து வாங்க சார், அதுவரைக்கும் காலையில ஆள் இல்ல. நவம்பர்லயே கேட்டிருந்தா அப்பவே ஆகியிருக்குமே."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

திங்கள் முதல் பள்ளிக்குப் போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மார்ச் வரை அதே ஏழரை மணி. வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில் ஆரம்பித்தேன். "இங்க பாரும்மா, அந்தப் பள்ளிக்கூட விஷயம்..." என்றேன். ஜன்னலிலிருந்து திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது கோபம் அல்ல. உத்தரவுக்குக் காத்திருக்கும் முகம். எங்கள் நிறுத்தம் வந்துவிட்டது.

பிப்ரவரி 8, சனி

காலையில் என் காப்பிக் கோப்பைக்கு அடியில் நான்காக மடித்த தாள். இடது கை எழுத்து. வரிக்கு நான்கு சொல்லுக்கு மேல் போகவில்லை. பக்கத்து அறையில் அவள் விழித்திருக்கிறாள்; சத்தமே இல்லை. என் பதிலின் நான்கு வரைவுகளைக் கிழித்துவிட்டேன். அவள் எழுதியதை மட்டும், ஓர் எழுத்தும் மாற்றாமல், இங்கே பிரதி எடுக்கிறேன்.

அப்பாவுக்கு,

1. டிசம்பர் 5: வாட்ச்மேன் தாத்தா உள்ளே கூப்பிட்டார். உங்களைக் கேட்டேன். போகவில்லை.
2. டிசம்பர் 12: கையைப் பிடித்து இழுத்தார். போகவில்லை. அழுகை வந்தது. அதை நோட்டில் எழுதவில்லை.
3. ஸ்கூலில் இருந்து பதில் வந்ததா இல்லையா என்று நீங்கள் சொல்லவில்லை. நான் இரண்டு தடவை கேட்டேன்.
4. திங்கட்கிழமை தாத்தா மறுபடியும் கூப்பிடுவார்.

நான் உள்ளே போகலாமா, கூடாதா? எழுத்தில் பதில் வேண்டும். நாளை ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குள்.