அழிந்துபோன கடைசி இலக்கம்

தங்கச்சி,

இன்று காலை மேல்மாடிக் குப்பைப் பையைக் கட்டும்போது, ஊறிய தேயிலைப் பைகளின் புளித்த வாடை மூக்கில் அடித்தது. கை அப்படியே நின்றுவிட்டது. உங்கள் மேசையில் இப்போது ஒரு வெள்ளைக்காரர் இருக்கிறார். அவரும் ஆறு மணிக்கு முன்பே வந்துவிடுகிறார். நேற்று வாங்கிய சாண்ட்விச் பிரிக்காமலே பக்கத்தில் கிடக்கிறது. அவருடைய குனிந்த பிடரியைப் பார்க்கும்போது நீங்கள் இருப்பது போலவே இருக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழைகளைப் பார்த்துச் சிரிப்பீர்கள், சிரியுங்கள். உங்களைச் சிரிக்க வைப்பதுதானே அங்கே எனக்கு இரண்டாவது வேலை.

சிறையிலிருந்து வெளியே வந்தவர்கள் முறைக்கு வந்து முகம் காட்டிவிட்டுப் போகிற கந்தோர் அது. நீங்கள் அவர்களைக் கண்காணிக்கிற அதிகாரி. நான் விடிய ஐந்தரைக்கு வந்து நிலம் துடைக்கிறவள். என் வேலை நேரத்தில் அங்கே வேறு ஒருவரும் இருக்கக் கூடாது. ஆனால் நீங்கள் இருப்பீர்கள்.

"வீட்டை போனனீங்களோ, இல்லாட்டி இந்தக் கதிரையைக் கலியாணம் கட்டிப்போட்டியளோ?" என்று கேட்பேன்.

"கதிரை எண்டாலும் என்னைத் தாங்குது அக்கா" என்பீர்கள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். கூட வேலை செய்கிற ஒருத்தர் சுகமில்லை என்று வராமல் நின்றால் அவர் கண்காணிக்கிற ஆட்களும் உங்கள் தலையில்தான். அந்த வருடம் மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

ஒருநாள் நான் பைகளோடு வெளியே வரும்போது ஓர் ஆள் கதவைப் பிடித்துத் தந்தான். மடிப்புக் கலையாத சட்டை. திறக்க இன்னும் நேரம் இருக்கிறது என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். தனக்கு ஒரு அவசரமும் இல்லை என்று சிரித்தான். இப்படிக் கதவு பிடிக்க என் வீட்டிலும் ஒருத்தர் வேண்டும் என்று நானும் பகிடி விட்டேன். மேலே வந்து அதை உங்களிடம் சொன்னபோது உங்கள் முகம் வெளிறிப் போனது.

"அக்கா, அவனோடை பகிடி விடாதேங்கோ."

அவ்வளவுதான். யாருடைய கதையையும் நீங்கள் சொன்னதில்லை.

எங்கள் வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. மேசையில் இருப்பதைத் தொடக் கூடாது. நிலத்தில் கிடப்பது குப்பை. அதை நான் ஒருநாளும் மீறியதில்லை. அந்தத் துண்டு தொலைந்த அன்றைக்கும் மீறவில்லை. நீங்கள் வருவதற்குள் உங்கள் பக்கத்தை முடித்து, பைகளைப் பின்வளவுப் பெரிய தொட்டியில் போட்டுவிட்டேன். திரும்பி வந்தால், நீங்கள் மேசைக்குக் கீழே முழங்காலில் நிற்கிறீர்கள்.

"என்ன, காதல் கடிதம் துலைஞ்சு போச்சோ?"

நீங்கள் சிரிக்கவில்லை. "மஞ்சள் துண்டு அக்கா. ஒரு போன் நம்பர். அண்டைக்கு உங்களுக்குக் கதவு பிடிச்சவன் ராத்திரி தங்கவேண்டிய விடுதிக்குத் திரும்பேல்லையாம். அவன் அடிச்சு முறிச்ச மனிசி நேற்றுப் பின்னேரம் போன் எடுத்தவ, வீடும் மாறிட்டன், நம்பரும் மாறிட்டன் எண்டு. கம்ப்யூட்டர் இறுகிப்போய்க் கிடந்தது. காலமை ஏத்துவம் எண்டு திரையிலை ஒட்டிப்போட்டுப் போனனான். போலீஸிட்டையும் பழைய விலாசம்தான் கிடக்கு."

"நிலத்திலை கிடந்தது" என்றேன். "நான்தான் எறிஞ்சனான்."

நீங்கள் ஏசவில்லை. படிகளில் என்னை முந்திக்கொண்டு ஓடினீர்கள். குப்பை லொறி ஏழு மணிக்கு வரும். இரண்டு பேரும் பைகளைக் கிழித்து நிலத்தில் கொட்டினோம். ஐந்தாவது பையில், தேயிலை ஊறிய கடதாசியோடு ஒட்டிக்கொண்டு அது கிடந்தது. எல்லா இலக்கங்களும் இருந்தன, கடைசி ஒன்றைத் தவிர. மை கரைந்து பொட்டாகிவிட்டிருந்தது.

"பூச்சியத்திலை இருந்து ஒன்பது மட்டும் அடிப்பம்" என்றீர்கள். மேலே ஓடி வந்து, போனின் ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தீர்கள். பூச்சியத்துக்கு ஒருவன் நித்திரையில் தூஷணத்தால் ஏசினான். ஒன்று பாவனையில் இல்லை. இரண்டு அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அதுதான் அவளுடைய நம்பராக இருந்து, அவளால் எடுக்க முடியாவிட்டால்? மூன்று, நான்கு, ஐந்து.

ஆறுக்கு ஒரு பெண், மூச்சு மட்டும் போல, "யார்?" என்றாள். கீழே அவன் காருக்குள் இருக்கிறான் என்றாள். இதுவும் அவனாகத்தான் இருக்கும் என்று எடுக்காமல் விடப் பார்த்தாளாம்.

விலாசம் கிடைத்தது. போலீஸ் போனது. அவளும் அவளோடு இருந்த பிள்ளையும் தப்பினார்கள். அவனைத் திரும்பவும் உள்ளே போட்டார்கள்.

பிறகு விசாரணை வந்தது: நம்பரை ஏன் கடதாசியில் எழுதினாய்? நான்தான் எறிந்தேன் என்று போய்ச் சொல்லட்டோ என்று கேட்டேன்.

"உங்களுக்கு ஏஜென்சி வேலை அக்கா. அடுத்த நாளே நிப்பாட்டிப் போடுவாங்கள். பேசாமல் இருங்கோ."

வாய் ஓயாத நான் அன்றைக்குத்தான் பேசாமல் இருந்தேன். உங்கள் பெயரில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, கூடவே இன்னும் சில ஆட்களின் கோப்புகளும். மாரி முடிவதற்குள் பஸ் தரிப்பில், வேலைக்கு வருகிற வழியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். செத்தவீட்டில் உங்கள் அம்மா என் கையைப் பிடித்து "நீங்கள் ஆர் பிள்ளை?" என்று கேட்டார். "கந்தோரிலை துடைக்கிறனான்" என்றேன். அந்தத் துண்டை எறிந்தது நான்தான் என்று இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

முன்பு, தெரியாத நம்பர் என்றால் நான் போனைத் தொடுவதில்லை. இப்போது எல்லாவற்றையும் எடுக்கிறேன். பெரும்பாலும் இன்சூரன்ஸ் விற்கிறவன்தான். அவனோடும் இரண்டு பகிடி விட்டுத்தான் வைக்கிறேன். "உங்களுக்கு விசரோ அம்மா?" என்று மகள் ஏசுகிறாள். அந்த இரண்டாம் இலக்கம் எடுபடாமல் அடித்துக்கொண்டே இருந்தபோது, நீங்கள் என்னைப் பார்த்த பார்வையை அவள் காணவில்லை.