ஒன்றரைச் சாண்

பாப்பாவின் நைனாவுக்கு,

நீங்கள் கேட்ட, பெண்கள் வைக்கும் முடி விக்கை, லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பும் கோவர்த்தனனிடம் கொடுத்திருக்கிறேன். நீங்கள் கார் ஓட்டும் வீட்டு முதலாளியம்மாவுக்கு, முடி கொட்டிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். திருப்பதி ஏலத்தில் எடுத்து, ஏற்றுமதிக்கு வைத்திருந்த முடியிலேயே நல்லதாகப் பொறுக்கிக் கட்டியது.

ஈரத்தில் சீப்பு படக்கூடாது. ஷாம்பூ தண்ணீரில் முக்கியெடுத்து, பிழியாமல், கவிழ்த்த சொம்பின்மேல் நிழலில் காயவைக்க வேண்டும். சிக்கை நுனியிலிருந்து எடுத்துக்கொண்டே மேலே போக வேண்டும்.

எல்லோரும் தலையளவை டேப்பில் எடுத்து அனுப்புவார்கள். நீங்கள் காதுக்குக் காது, 'என் கையால் ஒன்றரைச் சாண்' என்று எழுதியிருந்தீர்கள். கிடங்கில் முடி கட்டும் ரத்தினம்மாவிடம் அளவைப் படித்துச் சொன்னேன். சிரித்துவிட்டாள்.

"ஏங்க்கா, டிரைவரு சாண் போட்டு அளக்கற வரைக்கும் மொதலாளியம்மா தலையக் குடுத்துட்டு குந்திக்கினு இருந்தாங்களா?"

"ரொம்பப் பேசாத, வேலையப் பாரு" என்றேன்.

சண்டை போட எனக்குத் தெம்பில்லை. உங்கள் கை எனக்குத் தெரியும். அந்தச் சாணை நினைத்துத்தான் விக்கின் அடிவலையை வெட்டினேன், சரியாக உட்காரும். முடி கொட்டிய தலை எரியும் என்று உள்ளே மெல்லிய பருத்தித் துணி வைத்திருக்கிறேன். படுக்கும்போது கழற்றி வைக்க வேண்டும். நினைவுபடுத்த நீங்கள் பக்கத்தில் இருப்பீர்கள்.

தையில் பாப்பா கல்யாணம். வாருங்கள். என் பக்கத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுங்கள். திரும்பிப் போக, அன்று சாயங்காலமே சத்தியவேட்டிலிருந்து சென்னைக்கு பஸ் இருக்கிறது.

பாப்பாவின் அம்மா