எல்லோரும் கை தூக்கினால்தான் பயணம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் என் மருமகளும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்றே என் வாயை அடைத்துவிடுகிறாய், கடிதம் என்றால் கடைசிவரை படித்துத்தானே ஆகவேண்டும். எழுதி முடித்ததும் அப்பா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவார். சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று நேற்று அவரே கழற்றினார், இப்போது சொட்டவில்லை, கொட்டுகிறது. பிளம்பர் வந்து பார்த்துவிட்டு "யார் சார் இதுல கை வெச்சது?" என்று கேட்டார், அப்பா என்னைப் பார்த்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஒன்று கேட்டாயே, "தாத்தா பாதி வருஷம் வெளியூர்லதான இருந்தாரு, நீங்க நல்லாதானம்மா வளந்தீங்க?" என்று, அது இந்த வாரம் முழுக்க மனதிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. 'ஆமாம்' என்ற பதிலை நீயே கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டாய் என்பது எனக்குத் தெரியாதா. உனக்குப் புது வேலை, வருடத்தில் பெரும்பாலும் ஊர் ஊராகப் போகவேண்டும், மாதக் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும், வீட்டிலோ இன்னும் குப்புற விழக்கூடப் பழகாத குழந்தை. சனிக்கிழமை தாத்தாவின் பழைய அலுவலகத்தில் அவரை நினைத்துப் பேச ஒரு சின்னக் கூட்டம் வைத்திருந்தார்கள், அங்கே போய்வந்த பிறகுதான் என்ன சொல்லவேண்டும் என்று எனக்கே தெளிந்தது.

கேன்டீனில் மேசைகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். தாத்தா பெரிய தண்ணீர் பம்புகளைப் பொருத்தி ஓடவிட்டுக் கொடுக்கிற இன்ஜினியர் என்பது உனக்குத் தெரியும், அவர் எத்தனை ஊர் மனிதர்களைச் சம்பாதித்திருந்தார் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் மொழியில் 'சாப்பிட்டீங்களா' என்று கேட்க மட்டும் முதல் நாளே கற்றுக்கொள்வாராம், அதற்கு வருகிற பதில் ஒன்றும் புரியாதாம், இருந்தாலும் தலையை ஆட்டிக்கொண்டு கடைசிவரை கேட்பாராம். பின்னால் தமிழ் கற்றுக்கொண்ட வெளி மாநில லாரி ஓட்டுநர் ஒருவர் இதைச் சொல்லிவிட்டு, "எனக்கு மூணு மணி நேரம் கடன் தொல்லையெல்லாம் கொட்டணும்னு இருந்துச்சு, அவருக்கு ஒரு வார்த்தை புரியலை, ஆனா அன்னிக்கு நல்லாத் தூங்கினேன்" என்றார்.

என்னையும் பேசச் சொன்னார்கள். நான் போன் கதையைச் சொன்னேன். வெளியூரிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் தாத்தா ரிசீவரை மிக்ஸி பக்கம் பிடி, மோட்டார் பக்கம் பிடி என்பார், சத்தத்தை வைத்தே எதில் கோளாறு என்று சொல்லிவிடுவார். ஒருநாள் மத்தியானம் கூடத்திலிருந்து பேசிக்கொண்டிருந்தேன், திடீரென்று "ஃபேன் பேரிங் தேஞ்சு போச்சு, கேக்குது பாரு, உடனே நிறுத்து" என்றார். "அதை நிறுத்த முடியாதுப்பா, அம்மா தூங்கறாங்க" என்றேன். கேன்டீனே சிரித்தது. முன்வரிசையில் இருந்த பாட்டி மட்டும் "அது ஃபேனுதான், அவருக்குத் தப்பாக் கேக்குமா?" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் வாதாடிக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஸ்பேனர் மாமா எழுந்தார். உனக்கு நினைவிருக்கும், தாத்தாவோடு ஒன்றாக வேலையில் சேர்ந்து, பின்னால் அவருக்கே மேலதிகாரி ஆனவர். "எங்களுக்கெல்லாம் மேனேஜர்தான் முதலாளி, இந்த ஆளுக்கு மட்டும் சாப்பாட்டு மேஜைதான் முதலாளி" என்று ஆரம்பித்தார். அது எங்கள் வீட்டுப் பழக்கம். வெளியூர் வேலை எது வந்தாலும் தாத்தா இரவுச் சாப்பாட்டின்போது எந்த ஊர், எத்தனை மாதம், அங்கே என்ன வேலை எல்லாம் சொல்லிவிட்டு, யாரெல்லாம் சரி என்கிறீர்கள் என்று கேட்பார். பாட்டி, நான், என் தம்பியான உன் மாமா மூன்று பேரும் கை தூக்கினால்தான் பெட்டி பரணிலிருந்து இறங்கும். ஒரு கை குறைந்தாலும் போகமாட்டார். மாமாவுக்கு ஆறு வயது இருக்கும்போது ஒரு பெரிய அணைக்கட்டு வேலை வந்தது. அன்று மாலைதான் அவன் தன் பொம்மை லாரியைக் குடிதண்ணீர்ப் பானைக்குள் விட்டுக் கழுவி பாட்டியிடம் திட்டு வாங்கியிருந்தான். அந்தக் கோபத்தில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துவிட்டான். தாத்தா "சரி, போகலை" என்று மோரை ஊற்றிக்கொண்டார். பாட்டி பதறிப்போய், "ஏங்க, அவன் லாரிக்காக மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கான், இதைப் போய் ஒரு ஓட்டுன்னு எடுத்துக்கறீங்களே" என்றார். "காரணம் கேட்டுத்தான் ஒத்துக்குவேன்னா அப்புறம் ஓட்டு எதுக்கு?" என்றார் தாத்தா.

இதுவரைக்கும் எங்களுக்குத் தெரிந்த கதை. தெரியாததை ஸ்பேனர் மாமா சொன்னார். அந்த வேலைக்குத் தாத்தாவுக்குப் பதிலாகப் போனவர் அவர்தானாம், அதில்தான் பெயர் வாங்கி மேலே போனாராம். "அந்தப் பதவி அவருக்கு வரவேண்டியது, ஒரு பொம்மை லாரியால எனக்கு வந்துச்சு" என்றார். வழுக்கை விழுந்த உன் மாமா நாற்காலியில் நெளிந்ததைப் பார்க்கவேண்டுமே. "அப்பா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அங்கிள்" என்றான். "நானும் கேட்டேன்டா. சொல்லிட்டா அடுத்த தடவை பயந்துபோய் கை தூக்குவான், அந்தக் கை எனக்கு எதுக்குன்னாரு" என்றார் அவர். மாமா கண்ணாடியைத் துடைத்தான், பிறகு சிரித்தான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். தாத்தா இல்லாத நாட்கள் எனக்கு வலித்தன, அதை மறைக்கமாட்டேன். பள்ளியில் நான் பரிசு வாங்கியபோதெல்லாம் பாட்டியின் பக்கத்து நாற்காலியில் அவர் கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். காய்ச்சல் வந்தால் அப்பா வேண்டும் என்று அழுவேன். ஆனால் அவர் எங்களை விட்டுப் போனார் என்று ஒருநாளும் தோன்றியதில்லை, அவரை அனுப்பிவைத்ததே நாங்கள்தானே. நாங்கள் நல்லபடியாக வளர்ந்தோம் என்றால் அதனால்தான் என்று நினைக்கிறேன். தாத்தா பயணம் போனதை மட்டும் நீ எடுத்துக்கொண்டு, கேட்டுவிட்டுப் போனதை விட்டுவிடாதே கண்ணா.

நீ என்னிடம் கேட்டாய், மாமாவிடம் கேட்டாயாம், இல்லாமல் போன தாத்தாவிடமும் கேட்கிறாய். அவளிடம் கேட்டாயா? செவ்வாய்க்கிழமை குட்டியின் சளிக்கு மருந்து கேட்க அவள் கூப்பிட்டபோது, வேலை விஷயம் என்னம்மா ஆச்சு என்றேன். "கிளம்பற தேதி சொன்னாரு அத்தை" என்றாள். அவ்வளவுதான். நானும் அதற்குமேல் தோண்டவில்லை. அவள் மனதில் என்ன இருக்கிறது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. நல்ல வேலை, போய்வா என்றே சொல்லலாம். சொல்லாமலும் போகலாம். குட்டிக்குக் கை தூக்கும் வயது இல்லை, ஆகவே அவளுக்கு இரண்டு ஓட்டு. என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு அப்பா, "நான் கை தூக்கறேன்னு எழுது" என்கிறார். அந்த மேசையில் உங்களுக்கு நாற்காலியே இல்லை, போய்க் குழாயைப் பாருங்கள் என்று அனுப்பியிருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே, குட்டிக்கு இரவில் காதை மூடிவிடச் சொல். நீங்கள் மூவரும் மனம் குளிர, உடம்பு நோகாமல் நெடுநாள் வாழவேண்டும் என்று நானும் அப்பாவும் வேண்டிக்கொள்கிறோம். என்ன முடிவானாலும் நீ போன் செய்யாதே. அவள் சொல்லட்டும். அவள் குரலைக் கேட்டாலே நீ கேட்டாயா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா