எந்தக் கிளியின் இறகு

மார்ச் 4, செவ்வாய்
தெமட்டகொடை பாயிஸ் வளர்த்து எங்களுக்கு விற்ற புதுக் கிளி டிக்கி. அலகு-இறகு நோய் இருக்கிறதா என்று லாப்பில் பார்க்க வேண்டும் என்கிறார் மிருக வைத்தியர் ஆரணி. மருந்தே இல்லாத நோய். இறகுத் தூசியாலேயே எங்கள் பழைய கிளி றோசிக்கும் தொற்றுமாம். "நாலு இறகு பிடுங்கி அனுப்புங்கோ. முடிவு வரும்வரை றோசிக்குக் கிட்ட வைக்க வேண்டாம்" என்று போனில் சொன்னார்.

ஒன்பது வருடமாகத் தனியே இருக்கும் றோசிக்குத் துணையாகத்தானே இவனை வாங்கினோம்? கிட்ட வைக்காமல் என்ன துணை! இரண்டு கூடும் ஜன்னலில் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. அப்படியே விட்டேன்.

மார்ச் 5
திருநீற்றுப் புதன். இறகைப் பிடித்ததும் டிக்கி போட்ட கத்தலில் கையை எடுத்துவிட்டேன். பிடுங்கவில்லை. அவன் கூட்டில் விழுந்து கிடந்த பச்சை இறகுகளைப் பொறுக்கி அனுப்பினேன். இறகு இறகுதானே?

மார்ச் 14
நோய் இருக்கிறதாம்.

மார்ச் 15
பாயிஸைப் போனில் கிழிகிழி என்று கிழித்தேன். சீக்குக் கிளியை என் தலையில் கட்டிவிட்டான்! அவன் கத்தவில்லை.

"அக்கா, எறகு நீங்க புடுங்கினதா, கீழ கெடந்ததா?"

"கீழ கிடந்தது."

"அப்ப அது எந்தக் கிளிட எறகு?"

போனை வைத்துவிட்டேன். இது என்ன கேள்வி? டிக்கியின் கூட்டில் கிடந்தது டிக்கியினுடையதுதானே? ஆனால் றோசிக்கும் கொஞ்ச நாளாக இறகு கொட்டுகிறது. புதியவன் வந்த பொறாமை என்று என் கணவர் ஷெல்டன் பகிடி பண்ணுவார். இரண்டும் பச்சை. ஜன்னலிலோ எந்நேரமும் துறைமுகக் காற்று. ஐயோ, நான் ஆருடைய இறகை அனுப்பினனான்?

மார்ச் 17
ஆரணி இரண்டுக்கும் இரத்தம் எடுத்தார். டிக்கிக்கு இருந்தாலும் பரவாயில்லை, றோசிக்கு வேண்டாம் அந்தோனியாரே என்று மன்றாடினேன். பிறகு வெட்கமாக இருந்தது.

மார்ச் 26
டிக்கிக்கு இல்லை. றோசிக்கு இருக்கிறது.

வாங்கும்போதே அவளுக்கு இருந்திருக்கலாமாம். டிக்கியை மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். பாயிஸிடம் மன்னிப்புக் கேட்டு, டிக்கியைத் திருப்பி எடுக்க முடியுமா என்றேன். "உங்கட வீட்டுல நிண்டத எப்பிடி அக்கா மத்தக் கிளியளோட உடுற?" என்றார். கோபப்பட எனக்கு வழியில்லை.

ஏப்ரல் 6
டிக்கி பின்னறையில், றோசி முன் ஹோலில். பூசை முடிந்து வந்தபோது றோசி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தபோது அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காத டிக்கி, இன்று உள்ளேயிருந்து பதில் கொடுத்தான். அவள் திரும்பவும் கூப்பிட்டாள். அவன் திரும்பவும் கொடுத்தான். அழுகை வந்துவிட்டது.

பிறகு போய் நடுக்கதவைச் சாத்தினேன்.