வாசல் விளக்கை அணைச்சிடு

என் செல்லத் தம்பி சேகருக்கு,

சுகமா என்று கேட்க முடியாத இடத்துக்கு எழுதுகிறேன். பழக்கம் விடவில்லை. சுகமா?

நான் போன வருடம் ஓய்வு பெற்றேன். அதே கிள்ளான் வீடுதான். ஞாயிறு தவறாமல் நீங்கள் மூன்று பேர் பாடிப் பழகிய கார் போர்ச்சில் இப்போது என் பழைய கார் நிற்கிறது. சில சாயங்காலம் கார் கதவைச் சாத்தும்போது எங்கோ ஒரு கித்தார் கம்பி அதிர்கிறது. உள்ளே மாட்டியிருக்கும் உன் கித்தாரில் கம்பியே இல்லை. அப்படியென்றால் அதிர்வது எது?

உங்கள் 'ஈரக் குடை' குழுவைப் பற்றி யாராவது கேட்டால் ஓர் உதாரணம் சொல்வேன். கல்யாண மாலையைக் கழற்றாமலே ஒருவன் துக்கம் விசாரிக்க வந்தால் எப்படி இருக்கும், அப்படி. தாளம் துள்ளும், வரிகள் விம்மும். டிரம்ஸ் அடிக்கும் பீட்டரே ஒருநாள் குச்சியைக் கீழே போட்டான்.

"ஆடுறதா அழுவுறதா, ஒன்னு சொல்லு லா!"

"ஆடிக்கிட்டே அழு. வேர்வைன்னு நெனச்சுக்குவாங்க," என்றாய்.

பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் ஒரு கல்யாண விருந்துக்குப் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு முந்தின வாரம் புதுப் பாட்டை என்னிடம் நீட்டினாய். 'வாசல் விளக்கை அணைச்சிடு, நான் போறேன்.'

கட்டுரை நோட்டுகள் திருத்திக்கொண்டிருந்தேன். கையில் சிவப்புப் பேனா. 'போறேன்' என்பதை அடித்துவிட்டு 'வரேன்' என்று எழுதினேன். வகுப்பிலும் அப்படித்தான். மணி அடித்ததும் "போறேன் டீச்சர்" என்று ஓடுகிற பிள்ளையைத் திரும்பக் கூப்பிட்டு, "வரேன் டீச்சர்" என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவேன்.

"வரேன்னா விளக்கை எதுக்குக்கா அணைக்கணும்?"

"கல்யாணத்துல போய் போறேன்னு பாடுவியாடா? பாட்டுல யாரு அர்த்தம் பாக்கறா!"

பிள்ளைகளுக்கு அர்த்தம் எழுதிப்போட்டே காலம் கழித்தவள் பேசுகிற பேச்சா இது? நீ தாளை வாங்கி மடித்தாய். பிறகு சிரித்தாய். "சரி டீச்சர்." அந்தப் பதிலில் மட்டும் அக்கா இல்லை.

'வரேன், வரேன்' என்று நீ பாட, மண்டபமே எழுந்து ஆடியது. ஓர் ஆன்டி நாற்காலிமேல் ஏறி "ஒன்ஸ் மோர்!" என்று கத்தினார். நானும் ஆடினேன், தம்பி.

மூன்றே மாதம். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். உன் கித்தார் பையில் அந்தத் தாளும், அதோடு மடித்த ஒரு மருத்துவமனை அட்டையும் இருந்தன. அட்டையில் இருந்த முதல் தேதி அந்தப் பாட்டுக்கு முந்தையது. உனக்குத் தெரிந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் தாளை நீட்டினாயா? நான் எழுத்துப் பிழை தேடினேனே!

அன்றைக்குப் பதிந்த கேசட் இன்னும் இருக்கிறது. போட்டுப் போட்டு நாடா இழுத்துக்கொண்டது. துள்ளல் போய்விட்டது, உன் குரல் கனத்துவிட்டது. மெதுவாக ஓடும்போதுதான் வரிகள் காதில் விழுகின்றன. 'வரேன்' என்கிறாய். அதை நம்பி இத்தனை வருடமாக வாசல் விளக்கை நான் அணைத்ததே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா பகலில்கூட எட்டிப் பார்த்து, "டீச்சர், லைட் எரியுது!" என்கிறார். எனக்குத் தெரியும்.

போன வாரம் சுபாங் ஜெயாவிலிருந்து பீட்டர் வந்தான். தலை முழுக்க வழுக்கை. உங்கள் பாட்டுகளைப் புதிதாகப் பதியப்போகிறானாம்.

"டீச்சர், அந்த விளக்குப் பாட்டு. நீங்க திருத்துனதா, அவன் எழுதுனதா? எதைப் பாடட்டும்?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன். வார்த்தையை மாற்றினால் உன்னை அனுப்பிவைத்த மாதிரி ஆகிவிடுமோ? நாலு நாள் அந்தத் தாளைக் கையிலேயே வைத்திருந்தேன். சிவப்புக் கோட்டுக்கு அடியில் உன் 'போறேன்' தெளிவாகத்தான் இருக்கிறது. அதையே எழுதி அவனுக்கு அனுப்பிவிட்டேன்.

அவன் பதிகிற அன்று வாசல் விளக்கை அணைத்துவிடுகிறேன். இது உறுதி. 'போயிட்டு வா' என்று வாய்வரை வரும். இந்தத் தடவை என்னைத் திருத்திக்கொள்கிறேன்.

போ, தம்பி.

உனக்கு முன்னால் பிறந்தும் உனக்குப் பின்னால் நிற்கிற,
அக்கா